மரத்தடியில் ஒரு கற்கோடரி

டில்லியில் வாழும் நாம் கோடை விடுமுறையில் ஊர் திரும்புகையில், வேப்பமரத்தடிப் பிள்ளையாரை வணங்கத் தவறுவதில்லை. அவர் அருகே, ஒரு முனை கூராகவும் மறுமுனை அகன்றும், வழவழப்பாக அமைந்த கருங்கல் துண்டு கிடப்பின், அதனைச் சற்று உற்று நோக்குதல் நலம். அது புதிய கற்காலத்துக் கோடரியாக இருத்தல் கூடும். சேர்வராயன் மலையில் இத்தகைய கோடரிகளை மக்கள் தெய்வத் திருமுன் வைத்து வழிபட்டதுண்டு.

கற்கருவி என்றதும் சிக்கிமுக்கிக் கல்லே நம் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் புதிய கற்கால மக்கள் அதனைத் தேடிச் சுரங்கமே தோண்டினர். தென்னாட்டில் அது கிடைத்தல் அரிது. ஆகவே நம் முன்னோர் டோலரைட் என்னும் கரிய பாறையை நாடினர்.

அவர்தம் தொழில் முறையைப் பல்லாரியை அடுத்த சங்கனகல்லு, குப்கல் குன்றுகள் நமக்கு உணர்த்துகின்றன. நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1872ஆம் ஆண்டில் கண்டறிந்த பட்டறை அது. முதலில் பாறையை உடைத்துச் சில்லுகளைப் பெயர்த்து உருவமைத்தனர். பின்னர்ச் சிறுகச் சிறுகக் கொத்தி மேடுகளை நீக்கினர். இறுதியில் நீரும் மணலும் இட்டுப் பாறைமீது தேய்த்துக் கூராக்கி மெருகேற்றினர். தேய்த்த பள்ளங்கள் பாறைகளில் பதிந்துள்ளன.

இத்துணை உழைப்பும் போருக்காக மட்டும் அன்று. திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் 1964-65லும் 1967-68லும் அகழ்ந்தபோது, மெருகிட்ட கோடரிகளோடு கையால் வனைந்த மட்கலங்களும், கரிந்த கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. காட்டைத் திருத்தி விளைநிலமாக்கிய கருவி அக்கோடரி. நம் உணவின் வரலாறு அதன் முனையில் தொடங்குகிறது எனலாம்.

ஃபூட் திரட்டியவற்றைச் சென்னை அருங்காட்சியகத்திற்காக 1904இல் அரசு விலைக்குப் பெற்றது, அவை காக்கப்பட்டன. ஆயின் சங்கனகல்லுக் குன்றுகளையே கல்லுடைக்கும் தொழில் அரித்து வந்துள்ளது. பட்டறை அழிந்தால் கோடரி ஊமையாகிவிடும். கிடந்த இடமே அதன் வரலாற்றில் பாதி. எனவே ஊரில் அத்தகைய கல்லைக் காணின், நினைவுப் பொருளாக டில்லிக்கு எடுத்து வருதல் வேண்டா. இருந்த இடத்திலேயே விட்டு, தொல்லியல் துறையினருக்குத் தெரிவிப்போமாக. பிறந்த மண்ணுக்கு, தொலைவில் வாழும் நாமும் ஆற்றக்கூடிய தொண்டு அது.