பழவேற்காட்டில் விடுபட்ட சிருங்காரம்

1/ பைபிள்ல முழுக்க முழுக்க காதல் பேசுற ஒரு புத்தகம் இருக்கு, தெரியுமா? புராட்டஸ்டன்ட் பைபிள்ல ‘உன்னதப்பாட்டு’, கத்தோலிக்க பைபிள்ல ‘இனிமைமிகு பாடல்’. 8 அதிகாரம். ஒரு பெண்ணும் ஆணும் ஒருத்தர் உடம்பை ஒருத்தர் வர்ணிச்சு ஏங்குறாங்க. முதல்ல பேசுறதே அந்தப் பெண்தான்.

2/ வேதத்துல இது எப்படி? யூத ரபிகள் இதைக் கடவுளுக்கும் இஸ்ரவேலுக்குமான காதலா படிச்சாங்க. 3ஆம் நூற்றாண்டுல ஓரிகன், கிறிஸ்துவுக்கும் சபைக்குமான காதல்னு விளக்கினார். 12ஆம் நூற்றாண்டுல பெர்னார்ட் 86 பிரசங்கம் எழுதியும் 3ஆம் அதிகாரத் தொடக்கத்தைத் தாண்டல!

3/ இப்போ நம்ம மாவட்டத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி பக்கத்துல பழவேற்காடு. அங்க டச்சுக் கோட்டையில 1632 முதல் 1642 வரை போதகரா இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணர்கிட்ட கேட்டு, இங்குள்ள சமய வழக்கங்களைப் பத்தி ஒரு நூல் எழுதினார். அது அவர் இறந்தபிறகு, 1651ல அச்சானது.

4/ அதுல பர்த்ருஹரியின் சதகங்கள் டச்சு மொழியில இருக்கு. மூல நூல்ல மூணு சதகம்: நீதி, சிருங்காரம், வைராக்கியம். அச்சில் வந்தது நீதியும் வைராக்கியமும் மட்டும். காதலைப் பேசுற சிருங்காரம் இல்ல.

5/ அவர் இங்க இருந்தப்பதான், 1637ல, நெதர்லாந்து அரசு ஆதரவுல புது டச்சு பைபிள் வந்துச்சு. அதுல உன்னதப்பாட்டு முழுசா இருக்கு. ஓரக்குறிப்புல மட்டும் காதலன் கிறிஸ்து, காதலி சபை!

6/ தமிழுக்கு இது புதுசில்ல. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில உடம்பின் ஏக்கமே பக்தி. திருக்கோவையார்ல 400 பாட்டு, அகத்துறையும் சிவனும் சேர்ந்தே வரும். 1973ல எபிரேய அறிஞர் கைம் ராபின் உன்னதப்பாட்டை சங்க அகப்பாடல்களோட ஒப்பிட்டு எழுதினார். பெண் குரல், பிரிவு, இயற்கை என்று பல ஒற்றுமைகள். தமிழகத்தோட இருந்த வணிகத் தொடர்புதான் காரணம்னு அவர் சொன்னதை எல்லாரும் ஏத்துக்கல.

7/ ஒரு டாக்டர் ஏன் இதை எழுதணும்? சிப்காட் வேலைக்காக இங்க குடிவந்த இளம் தம்பதிகள் ஓ.பி.யில கடைசி ஆளா வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறாங்க: “ஆசை வர்றது பாவமா சார்?” கேட்கிறது பெரும்பாலும் பெண்கள்.

8/ பாவமில்லம்மா, நோயும் இல்ல. விருப்பமில்லாதவங்களை வற்புறுத்துறதுதான் தப்பு. உன்னதப்பாட்டுப் பெண்ணும், காதலை வலிய எழுப்ப வேண்டாம்னு எருசலேம் பெண்கள்கிட்ட மூணு இடத்துல கேட்டுக்கறா. கூச்சப்படாம உங்க டாக்டர்கிட்ட பேசுங்க.