உழைப்பும் செபமும்: ஆசீர்வாதப்பர் சபை மரபு



துறவு மடம் என்றதும், உலகை விட்டு விலகிச் செபிப்பவர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் ஆசீர்வாதப்பர் சபை கைவேலையைச் செபத்தோடு இணைத்தே வளர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் உழைக்கும் நம் குடும்பங்கள் இம்மரபை அறிவது பயன்தரும்.

தோற்றம்

புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) ஏறத்தாழ 480-ஆம் ஆண்டு இத்தாலியின் நூர்சியாவில் பிறந்தார். கல்விக்காக உரோமை சென்றவர், அந்நகர வாழ்வை வெறுத்து சுபியாக்கோ குகையில் தனித்து வாழ்ந்தார். பின்னர் மோந்தே கசீனோ மலையில் மடம் நிறுவி, 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்குநூலை இயற்றினார். செபம், கைவேலை, இறைநூல் வாசிப்பு ஆகிய மூன்றுக்கும் அதில் நேரம் வகுக்கப்பட்டுள்ளது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1964-இல் இவரை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார். இவரது திருநாள் ஜூலை 11.

கமால்தோலி மரபு

இடைக்காலத்தில் இம்மரபிலிருந்து பல கிளைகள் தோன்றின. அவற்றுள் ஒன்று கமால்தோலி. இரவென்னா நகரின் உயர்குடியில் பிறந்தவர் புனித ரோமுவால்து. தம் தந்தை உறவினர் ஒருவரைச் சண்டையில் கொன்றதற்காக, மகனான இவர் மடத்திற்குச் சென்று 40 நாள் தவமிருந்தார். பின்னர் அங்கேயே துறவியானார். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கமால்தோலியில் அவர் தனிக்குடில்களை அமைத்தார். தனிமைத் தவமும் குழு வாழ்வும் ஒன்றையொன்று தாங்குவதே இக்கிளையின் சிறப்பு. அவர் 1027-இல் இறந்தார்.

காவிரிக் கரையில்

இம்மரபு நம் தமிழகத்திலும் வேரூன்றியுள்ளது. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், பிரான்சு நாட்டுக் குருக்களான அருள்தந்தை மொன்சானின், ஆசீர்வாதப்பர் சபைத் துறவி லெ சோ (சுவாமி அபிஷிக்தானந்தா) இருவரும் 1950-இல் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். மூவொரு இறைவனின் பெயர் தாங்கிய இவ்விடத்தை மக்கள் சாந்திவனம் என்று அழைக்கின்றனர். 1968-இல் இங்கு வந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ், 1993-இல் இறக்கும் வரை இதை வழிநடத்தினார். 1980-களில் ஆசிரமம் கமால்தோலி குழுமத்துடன் இணைந்தது. காவி உடை, சைவ உணவு, ஆரத்தி என நம் மண்ணின் துறவு வழக்கங்களோடு இம்மரபு அங்கே வாழ்கிறது.

நமக்கு என்ன?

ஒழுங்குநூலின் 31-ஆம் அதிகாரம், மடத்தின் எல்லாக் கருவிகளையும் பீடத்தின் புனித பாத்திரங்களைப் போலக் கருதும்படி பண்டகப் பொறுப்பாளரைப் பணிக்கிறது. நம் கையிலுள்ள ஸ்பேனரையும் அப்படிப் பார்க்கலாம்.

50-ஆம் அதிகாரம் தொலைவில் வேலை செய்யும் சகோதரர்களைப் பற்றியது. உரிய நேரத்தில் செபக்கூடத்துக்கு வர இயலாவிட்டால், அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே முழந்தாளிட்டுச் செபிக்க வேண்டும். அவர்கள் வேலையை விட்டு ஓடிவரத் தேவையில்லை; ஆனால் செபத்தை விட்டுவிடவும் கூடாது. ஞாயிறு ஷிப்டு உள்ளவர்களுக்கு இது பெரும் ஆறுதல். சனி மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடமை நிறைவேறும். அதற்கும் வழியில்லாதவர்கள் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். "கோவிலுக்குப் போக முடியவில்லை" என்பது நாளடைவில் "கடவுள் தேவையில்லை" என்று மாறிவிடக் கூடாது.

அதே நேரத்தில், உழைப்பே எல்லாம் என்று இந்நூல் சொல்லவில்லை. 48-ஆம் அதிகாரம் ஓய்வுக்கும் நேரம் ஒதுக்குகிறது. நலிந்தோரை வேலைப்பளு நசுக்கிவிடக் கூடாது என்கிறது. தொடர்ந்து ஓவர்டைம் பார்த்து, பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் இருப்பது துறவிக்கே தகாதென்றால் குடும்பத்தினருக்குத் தகுமா? பணியாளரை மேற்பார்வையிடும் நம்மவரும் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

53-ஆம் அதிகாரம், விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வந்து நம் தெருக்களில் தங்கியிருப்போருள் கத்தோலிக்கரும் உண்டு. திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கும் அவர்களின் பெயரை நாம் கேட்டதுண்டா?

இந்த வாரம் வேலையைத் தொடங்குமுன் சிலுவை அடையாளம் வரைவோம். கோவிலில் அருகில் நிற்கும் புதியவரிடம் ஒரு வார்த்தை பேசுவோம். தச்சுப் பட்டறையில் உழைத்த இயேசு நம் உழைப்பை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.