சட்டையில் இருக்கும் பெயரும், தைத்தவர் விலாசமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். தன் மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட டி-ஷர்ட் ஒன்றை எனக்குக் கொடுத்தார். இந்த வயதில் அது எனக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம். கழுத்தின் உட்புறம் இருந்த சின்ன லேபிளைப் பார்த்தேன். ஹோண்டுராஸில் தைத்தது என்று இருந்தது. இடைநிலை ஆசிரியராக இருந்த காலத்தில் உலக வரைபடத்தில் எத்தனையோ முறை குச்சியால் தொட்டுக் காட்டிய நாடு! அந்த லேபிளுக்குப் பின்னால் ஒரு மாணவர் போராட்டத்தின் வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் அங்குள்ள ஏற்பாட்டைப் புரிந்துகொள்வோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரையும் சின்னத்தையும் சட்டையில் அச்சிட்டு விற்கும் உரிமத்தை ஆடை நிறுவனங்களுக்குக் கொடுக்கின்றன. விற்பனையில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பங்கு வந்துவிடும். ஆனால் பெரும்பாலும் அந்த நிறுவனம் தானே தைப்பதில்லை. மெக்சிகோ, ஹோண்டுராஸ், இந்தோனேசியா என்று எங்கோ இருக்கும் ஒப்பந்த ஆலையில் தைத்து வாங்குகிறது. அங்கே கூலி குறைவு, ஓவர்டைம் கட்டாயம், சங்கம் என்று பேசினால் வேலை போய்விடும் என்றெல்லாம் புகார்கள் வந்தன. கேட்டால், "அது எங்கள் ஆலை இல்லையே" என்று நிறுவனம் சொல்லிவிடும். இப்படிப்பட்ட இடங்களை அங்கே 'ஸ்வெட்ஷாப்' என்பார்கள். உழைப்பைச் சுரண்டும் பட்டறை என்று நாம் சொல்லலாம்.

மாணவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். ஆலை நம்முடையது இல்லை, நிறுவனமும் நம்முடையது இல்லை. ஆனால் சட்டையில் இருக்கும் பெயர் நம் பல்கலைக்கழகத்தினுடையது. பெயரைக் கொடுப்பவர் நிபந்தனையும் போடலாம் அல்லவா? 1998-இல் டியூக் பல்கலைக்கழகம் உரிமம் பெறும் நிறுவனங்களுக்கு நடத்தை விதிகளை வகுத்தது. அதே ஆண்டில் பல கல்லூரி மாணவர்கள் சேர்ந்து, ஸ்வெட்ஷாப்களுக்கு எதிராக ஒரு தேசிய அளவிலான அமைப்பைத் தொடங்கினார்கள்.

விதி எழுதினால் போதுமா? எந்த ஆலையில் தைக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால் எங்கே போய்ச் சோதிப்பது? வருகைப் பதிவேடு இல்லாத வகுப்பில் யார் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? ஆகவே மாணவர்கள் ஆலைகளின் விலாசத்தைக் கேட்டார்கள். நிறுவனங்கள் அது வியாபார ரகசியம் என்றன.

1999 ஜனவரியில் டியூக் மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்தில் 31 மணி நேரம் உட்கார்ந்து போராடினார்கள். விலாசம் தராத நிறுவனத்துக்கு உரிமம் இல்லை என்று நிர்வாகம் இறங்கி வந்தது. ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் என்று போராட்டம் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில், சில பல்கலைக்கழகங்களுக்குத் தைக்கும் ஆலைகளின் பட்டியலை நைக்கி வெளியிட்டது. ரகசியம் என்று சொன்னது ஒரே ஆண்டுக்குள் வெளியே வந்துவிட்டது.

அடுத்து, ஆலைகளை யார் சோதிப்பது? 2000-இல் 'தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு' தொடங்கப்பட்டது. அதன் நிர்வாகக் குழுவில் ஆடை நிறுவனங்களுக்கு இடம் கிடையாது. ஒரிகன் பல்கலைக்கழகம் அதில் சேர்ந்ததும், அங்கே படித்தவரான நைக்கி நிறுவனர் பில் நைட், இனி நன்கொடை இல்லை என்று அறிவித்தார். பின்னர் பல்கலைக்கழகம் அந்த அமைப்பிலிருந்து விலகியது, நன்கொடையும் திரும்பி வந்தது. மாணவர்கள் எல்லா இடத்திலும் ஜெயித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி இரண்டு ஆலைகளின் கதை.

முதலாவது, மெக்சிகோவின் அட்லிஸ்கோ ஊரில் இருந்த குக்டோங். நைக்கிக்கும் ரீபாக்குக்கும் பல்கலைக்கழக ஆடைகளைத் தைத்த ஆலை. உணவகத்தில் போட்ட கெட்டுப்போன சாப்பாட்டை எதிர்த்தவர்களில் ஐந்து பேரை நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. 2001 ஜனவரியில் 800-க்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ் வந்து அடித்துக் கலைத்தது. மாணவர்கள் நைக்கியிடம், "அந்த ஆலையை விட்டு ஓடாதே, ஆர்டரை நிறுத்தாதே, அங்கேயே இருந்து சரிசெய்" என்று கேட்டார்கள். ஆர்டர் நின்றால் தொழிலாளிக்குச் சோறு இல்லை அல்லவா? அந்த ஆண்டு செப்டம்பரில் தொழிலாளர்களின் சொந்தச் சங்கத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இரண்டாவது, ஹோண்டுராஸின் சோலோமா நகரில் ரஸல் நிறுவனம் நடத்திய ஆலை. 1,200 பேர் வேலை செய்தார்கள். சங்கம் அமைத்து ஊதியப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோது, 2008 அக்டோபரில் ஆலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. விற்பனை குறைந்ததே காரணம் என்றது நிறுவனம். சங்கத்தின் மீதான பகை முக்கியமான காரணம் என்றது கூட்டமைப்பின் விசாரணை. ஆலைத் தொழிலாளர்களே அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வந்து பேசினார்கள். இந்த முறை மாணவர்கள் உரிமத்தை ரத்து செய்யச் சொன்னார்கள். சுமார் 100 பல்கலைக்கழகங்கள் ரத்து செய்தன. தாய் நிறுவனம் வாரன் பஃபெட்டின் குழுமத்தைச் சேர்ந்தது என்பதால் ஓமஹாவில் அவர் வீட்டுக் கதவையும் போய்த் தட்டினார்கள். 2009 நவம்பரில் ரஸல் இறங்கி வந்தது. புதிய ஆலை திறந்து, 1,200 பேரையும் திரும்ப வேலைக்கு எடுத்து, சங்கத்தை எதிர்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டது.

கவனித்தீர்களா? ஓரிடத்தில் "ஆர்டரை நிறுத்தாதே" என்றார்கள், இன்னோரிடத்தில் "உரிமத்தை ரத்து செய்" என்றார்கள். ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். இரண்டு இடத்திலும் ஆலையில் இருந்தவர்களிடம், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டுத்தான் நடந்தார்கள். நாம் பலருக்கு நல்லது செய்யக் கிளம்பும்போது இந்த ஒரு கேள்வியைத்தான் மறந்துவிடுகிறோம். 37 ஆண்டு பணியில் நானும் பல தடவை மறந்திருக்கிறேன்.

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2021 ஜனவரியில் நம் திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டாள். அந்த ஆலையில் பெண்கள் பட்ட பாட்டை விசாரித்தவர்களில் இதே கூட்டமைப்பும் உண்டு. பெண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கம் விடாமல் போராடியதால் 2022-இல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. ஆலை நிர்வாகத்தோடு, அங்கே துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டன. பெயர் போட்டு விற்பவருக்கும் பொறுப்பு உண்டு என்று டியூக் மாணவர்கள் கேட்டார்களே, அதே நியாயம்தான்.

அந்த டி-ஷர்ட்டை மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். என் மாணவரின் மகளுக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன். "நன்றாகப் படி" என்று வழக்கம்போல எழுதிவிட்டு, கூடவே ஒன்று: "உன் கல்லூரிச் சட்டையை எந்த ஊரில், எந்த ஆலையில் தைத்தார்கள் என்று கேட்டுச் சொல்லம்மா."

நீங்களும் இன்று போட்டிருக்கும் சட்டையின் லேபிளைப் பார்த்து, ஊர் பெயரைக் கீழே எழுதுங்களேன்.