செம்மருந்தும் இருதயமும்

வற்றாப்பளைக் கண்ணகையம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரியும். ஒரு மார்பைத் திருகியெறிந்து மதுரையை எரித்தவள் சினந்தணிந்து ஈழத்திற் பத்தாவதாகத் தங்கிய இடம் இதுவென்பது ஐதிகம். அவ்வூர்ப் பெண்ணொருத்திக்கு மார்பகப் புற்றுநோய் கண்டால், மருந்தேற்றுவதற்குத் தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ நெடுந்தூரம் செல்ல நேர்வதுண்டு. இந்நோய்க்கு ஏற்றப்படும் மருந்துகளுள் ஒன்று செந்நிறமான டொக்சோரூபிசின். புற்றுக் கலங்களை அழிக்கும் அதுவே இருதயத் தசையையும் நலிவிக்கவல்லது. அதன் எல்லை அறியப்பட்ட வரலாறு துயரமானது.

1950களில், தென் இத்தாலியின் பழங்கோட்டையொன்றின் அருகே எடுத்த மண்ணிலிருந்து, மிலான் நகரத்து ஃபார்மிற்றாலியா நிறுவனத்தார் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தனர். அது தந்த சிவந்த பொருளே டோனோரூபிசின். அந்நுண்ணுயிரின் திரிபொன்றிலிருந்து பின்னர் டொக்சோரூபிசின் கிடைத்தது. அட்ரியாட்டிக் கடலின் பெயரால் அதனை அட்ரியாமைசின் என்றும் அழைத்தனர். அமெரிக்கா 1974 இல் அதற்கு அனுமதி வழங்கிற்று.

ஆயின், டோனோரூபிசின் பெற்ற குழந்தைகளிடத்தே இருதயக் கேடு 1960களிலேயே காணப்பட்டிருந்தது. 1979 இல் வொன் ஹொஃப் குழுவினர், டொக்சோரூபிசின் பெற்ற ஏறத்தாழ 4000 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து, 88 பேருக்கு இருதயம் செயலிழந்தமையைக் கண்டனர். உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு மொத்தம் 550 மில்லிகிராம் பெற்றோரில் நூற்றுக்கு ஏழுபேர் இவ்வாறு பாதிக்கப்படலாம் என்பது அவர்கள் கணிப்பு. அக்கணிப்பும் குறைவானதே. 2003 இல் சுவெய்ன் குழுவினர் அதே அளவுக்கு நூற்றுக்கு 26 எனக் கண்டனர். ஏட்டிலுள்ள எல்லைக்கோடு நோயாளரின் இருதயங்களால் வரையப்பட்டது என்பது மிகையாகாது.

1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து மற்றொரு பாடம் புகட்டிற்று. செம்மருந்தின் வகையோடு அதனைச் சேர்த்துப் பெற்றோரில் நூற்றுக்கு 27 பேருக்கு இருதயக் கோளாறு நேர்ந்ததென 2001 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஆகவே இன்று பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகவே அவற்றை வழங்குகின்றனர்.

இதனை அறிந்து சிகிச்சையை அஞ்சி மறுப்பது பேதைமை. மார்பகப் புற்றுநோய்க்கு வழமையாக நான்கு தடவைகளில் வழங்கப்படுவது சதுர மீற்றருக்கு மொத்தம் 240 மில்லிகிராமே. முதியோருக்கும், உயர் குருதியமுக்கம் உள்ளோருக்கும், இடப்பக்க மார்பிற் கதிர்ச்சிகிச்சை பெற்றோருக்கும் கூடுதற் கவனம் வேண்டும். முன்னும் பின்னும் எக்கோப் பரிசோதனை செய்து, இருதயத்தின் தளர்ச்சியை மூச்சுத்திணறல் தோன்றுமுன்னரே கண்டால், மாத்திரைகளால் அதனைப் பெரிதும் மீட்கலாம்.

ஒன்றை மட்டும் எந்தப் பரிசோதனையும் சொல்லாது. இம்மருந்தின் அளவு ஒரு தடவைக்கு உரியதன்று. வாழ்நாள் முழுமைக்கும் கூட்டிப் பார்க்கவேண்டியது. பத்தாண்டின் பின் நோய் திரும்பினால், முன்னர் ஏறியது எவ்வளவு என்பது புதிய வைத்தியருக்குத் தெரிந்தாக வேண்டும். 2009 இல் நந்திக்கடலோரம் உடுத்த உடையோடு வெளியேறிய மக்களிடையே அத்தகைய பழைய கிளினிக் அட்டையை இன்றும் வைத்திருப்போர் எத்தனை பேர்?