தேதி இல்லாத குற்றம்

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலக் காலை. கல்கத்தாவில், டாலிகஞ்ச் டிராம் டிப்போ பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டுப் படியில் ஒரு டாக்ஸி டிரைவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் உறை. உள்ளே தீர்ப்பு நகல். “உகில் பாபு (வக்கீல் ஐயா), 500 ரூபாய் அபராதம் கட்டிட்டேன், போகட்டும். ஆனா குற்றவாளின்னு எழுதிட்டாங்களே?” என்றார்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாக வழக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 181. அவரிடம் லைசென்ஸ் இருந்தது, காலாவதியாகியிருந்தது. ‘செல்லாத லைசென்ஸ்தானே?’ என்று கீழ்க்கோர்ட்டில் கேட்டார்களாம். தலையாட்டிவிட்டார். எந்தத் தெருவில் ஓட்டினார் என்று காகிதத்தில் இருந்தது. என்றைக்கு என்று இல்லை.

அந்தத் தேதியில்தான் வழக்கே இருந்தது. அன்றைய சட்டப்படி, காலாவதியான பிறகும் லைசென்ஸ் 30 நாள் செல்லும். லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு போலீஸ்காரர் கொடுத்த ரசீதைப் பிரித்தேன். பத்தொன்பதாம் நாள்!

தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் ‘குற்றச்சாட்டு வனைதல்’ என்பார்கள். குயவர் பானை வனைவதற்கும் அதே சொல்தான். விரிசல் விட்ட பானையை என்ன செய்வது என்பதில் நம் கோர்ட்டுகள் அரை நூற்றாண்டு தடுமாறின.

தொடக்கம் சென்னை வழக்கு ஒன்று. ஒரே வகைக் குற்றமானால், ஓராண்டுக்குள் நடந்த மூன்றை மட்டுமே ஒன்றாக விசாரிக்கலாம் என்றது 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டம். அந்த வழக்கில் சுப்பிரமணிய ஐயர் என்பவர் மீதோ இரண்டு ஆண்டுகளில் பரவிய 41 செயல்களை ஒரே விசாரணையில் அடுக்கிவிட்டார்கள். 1901-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் ஹால்ஸ்பரி பிரபு தண்டனையை ரத்து செய்தார்: விசாரணை முறையையே மீறியிருக்கிறார்கள், இதைச் சின்னப் பிசகு என்று ஒதுக்க முடியாது என்பது அவர் முடிவு. அதன்பின் குற்றச்சாட்டில் பிழை தேடுவதே வக்கீல்களுக்குப் பிழைப்பாயிற்று.

1955-இல் வில்லி ஸ்லேனி வழக்கு அதற்குக் கடிவாளம் போட்டது. ஜபல்பூரில் ஹாக்கி மட்டையடியில் ஒருவர் இறந்துபோனார். தம்பியும் அண்ணனும் கூட்டாகச் செய்த கொலை என்று குற்றச்சாட்டு. ஒருவர் விடுதலையாக, தனிக் குற்றச்சாட்டு இல்லாமலே ஸ்லேனிக்குக் கொலைக் குற்றத்துக்கான தண்டனை. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நம் சந்திரசேகர ஐயரும் ஒருவர். கொலை அல்லாத மரணம் விளைவித்தல் என்று குற்றத்தைக் குறைத்தார்களே தவிர, பிழைக்காக விசாரணையைத் தூக்கி எறியவில்லை. பிழையால் அந்த ஆள் ஏமாந்தாரா, நியாயம் கெட்டதா என்பதே கேள்வி என்றார்கள்.

நான் போட்ட சீராய்வு மனுவும் அந்த வழியில்தான் போனது. இது சம்மன் வழக்கு. முறையான குற்றச்சாட்டு வனையவே தேவையில்லை. ஆனால் என்ன செய்தாய் என்று விவரம் சொல்லியாக வேண்டும். ‘தேதி விட்டுப்போயிற்று’ என்று மட்டும் வாதாடியிருந்தால் தோற்றிருப்பேன். தேதி விட்டுப்போனதால், தனக்கு எதிர்வாதம் இருப்பதே இவருக்குத் தெரியாமல் போயிற்று என்றேன். செஷன்ஸ் கோர்ட்டு தண்டனையை ரத்து செய்தது. அபராதம் திரும்பியது.

குற்றச்சாட்டே இல்லாமல் தண்டித்த பழைய கதை ஒன்றும் டாலிகஞ்சில் உண்டு; அது வேலூரில் தொடங்கியது. 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின், கோட்டையில் இருந்த திப்புவின் பிள்ளைகளைக் கப்பலேற்றி இந்தப் பக்கம்தான் குடிவைத்தார்கள். அவர்கள் மேல் குற்றச்சாட்டு வனையவும் இல்லை, கோர்ட்டில் விசாரிக்கவும் இல்லை. எழுதாத குற்றத்தில் எந்த வக்கீல் பிழை காட்டுவார்?

அந்த 30 நாள் சலுகையை 2019-இல் எடுத்துவிட்டார்கள். அபராதம் இப்போது 5,000 ரூபாய். 2024 ஜூலை முதல் நடைமுறைச் சட்டமே புதிது. என்ன குற்றம், எங்கே, என்றைக்கு என்று சொல்லும் கடமை மட்டும் மாறவில்லை. கோர்ட்டில் தலையாட்டும் முன் காகிதத்தில் தேதியைப் பாருங்கள்.