வளைக்குள் நுழைந்த சொல்

இலத்தீனில் 'டெர்ரா' என்றால் மண். அதன் வழியில் பிரெஞ்சில் 'டெரியே' என்ற சொல் பிறந்தது. முயலும் நரியும் பறிக்கும் வளைக்கு அந்தப் பெயர். வளைக்குள் இறங்கி, குரைத்தே நரியை வெளியே கிளப்பும் சின்ன நாயை ஆங்கிலேயர் டெரியர் என்றார்கள். 1570இல் நாய்களைப் பற்றி இலத்தீனில் நூல் எழுதிய மருத்துவர் ஜான் கேயஸ் அதை 'டெர்ராரியுஸ்' என்று குறித்தார்.

நம் பக்கத்து வேட்டைநாய்களுக்கு ஊரே பெயர்: சிப்பிப்பாறை, கோம்பை, கர்நாடகத்து முதோல். முதோலும் சிப்பிப்பாறையும் வெட்டவெளியில் முயலைக் கண்டு விரட்டிப் பிடிப்பவை. அந்த நெட்டைக் காலை வைத்துக்கொண்டு வளைக்குள் போக முடியுமா?

1859இல் இங்கிலாந்தின் நியூகாஸில் நாய்க் கண்காட்சியில் துப்பாக்கி வேட்டைக்கான பாயின்டர், செட்டர் நாய்களுக்கே இடம். மூன்றே ஆண்டில், 1862இல், பர்மிங்காம் மேடைக்கு ஃபாக்ஸ் டெரியர் வந்துவிட்டது. ஓல்டு ஜாக் (Jock), டிராப், டார்ட்டர் என்ற மூன்று ஆண் நாய்களைத்தான் அந்த இனத்தின் மூதாதையர் என்பார்கள். 1870களில் சங்கம் கூடி, தலை இவ்வளவு, கால் இப்படி என்று இலக்கணமும் வகுத்தாயிற்று. நரி அந்த இலக்கணத்தைப் படிக்கவில்லை.

இதில் சுவையான மனிதர் டெவன் பகுதிப் பாதிரியார் ஜான் ('ஜாக்') ரஸ்ஸல். 1819இல், ஆக்ஸ்ஃபோர்டு மாணவராக இருந்தபோது, பால்காரர் ஒருவரிடம் 'டிரம்ப்' என்ற பெட்டை டெரியரை வாங்கி அதிலிருந்தே தன் வேட்டைநாய் வழியைத் தொடங்கியவர். 1873இல் நாயினங்களுக்கான கென்னல் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். மறு ஆண்டே கிரிஸ்டல் பேலஸில் ஃபாக்ஸ் டெரியர்களுக்கு நடுவர். ஆனால் தன் நாய்களை மேடையேற்ற மறுத்தவர். வளையில் இறங்காத நாயை அவர் டெரியராக மதிக்கவில்லை. எனக்கும் அவர் கட்சிதான்.

துரைமாரோடு இந்த நாயும் இந்தியத் தண்டுகளுக்கு, அதாவது படைமுகாம்களுக்கு, வந்தது. பெங்களூர்த் தண்டு 1809இல் உருவானது. தமிழர் நிறைந்த பகுதி. ஃபாக்ஸ் என்றாலும் ஜக்கால் என்றாலும் நமக்கு நரிதான். அது ஒருவகையில் பொருத்தம்: ஊட்டியில் துரைமார் வேட்டையாடியதும் ஜக்கால் என்ற குள்ளநரியைத்தான். இன்றைய பெங்களூரில் டெரியருக்கு வாய்ப்பது மிஞ்சினால் சாக்கடையோரப் பெருச்சாளி வளை.

தன் நாய்களை மேடையேற்ற மறுத்த ரஸ்ஸலின் பெயரையே தாங்கிய ஜாக் ரஸ்ஸல் டெரியரை, அவர் தொடங்கிவைத்த அதே கென்னல் கிளப் 2016இல் கண்காட்சி இனமாக ஏற்றுக்கொண்டது.