தொழுநோய்ப் புண்களில் பாக்டீரியா

தொழுநோய் கண்டவரின் உள்ளங்காலில் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் குழிப்புண்ணில் பெரும்பாலும் பெருகியிருப்பது தொழுநோய்க் கிருமி அல்ல. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், புரோட்டியஸ், ஈ.கோலை என எவர் புண்ணிலும் குடியேறும் பாக்டீரியாக்களே அவை. நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் அடங்கிய பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இந்நோய் மிகுந்திருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையும் தொழுநோய் மருத்துவத்தில் முன்னோடிகளானது அதனால்தான்.

நோய்க்குக் காரணமான மைக்கோபாக்டீரியம் லெப்ரேயை 1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் கண்டறிந்தார். இன்றுவரை அது ஆய்வகத் தட்டில் வளர்ந்ததில்லை. 1960இல் ஷெப்பர்ட் அதைச் சுண்டெலியின் பாதத்தில் வளர்த்தார். 1971இல் ஆர்மடில்லோவில் வளர்த்தார்கள். ஒரு கிருமி இரண்டாகப் பெருக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். 2001இல் இதன் முழு மரபணு வரிசை வெளியானது. அதற்கு எடுத்துக்கொண்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது, 'டி.என்.' என்ற அதன் பெயரே நம் மாநிலத்தைக் குறிக்கிறது. 32,68,203 கார இணைகள் கொண்ட அந்த வரிசையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் செயலிழந்தவை. உயிருள்ள உடலைவிட்டு இக்கிருமியால் தனித்து வளர முடியாததற்கு இதுவே காரணம் எனக் கருதப்படுகிறது.

உடலின் குளிர்ந்த பகுதிகளில்தான் கிருமி செழிக்கும். ஆகவே நோயைக் கண்டறிய, காதுமடலை ரத்தம் விலகி வெளுக்கும்வரை விரல்களால் இறுக்கிப் பிடித்து, 5 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறி, கசியும் திசுநீரைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவுவார்கள். சாயமேற்றினால் நீலப் பின்னணியில் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். அவற்றின் அடர்த்தியை 0 முதல் 6 வரை மதிப்பிடுவார்கள்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1948இல் வேலூரில் தொழுநோயால் முடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தத் தொடங்கினார். புண்ணுக்குக் காரணம் கிருமியின் அரிப்பு அல்ல, வலி தெரியாத காலில் விழும் அழுத்தமே என்று அவர் நிறுவினார். மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்ததும் பழைய புண்கள் ஆறின. அதன்பின் மென்மையான நுண்ணறை (எம்.சி.ஆர்.) ரப்பர் செருப்பு கொடுக்கப்பட்டது. அழுகிய சதை என்று ஊரே ஒதுக்கிவைத்தவர்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பைவிடப் பெரிய மருந்து வேறில்லை.

விரல்களை நிமிர்த்தும் சீரமைப்பு அறுவைக்குமுன் புண்ணும் வெடிப்பும் ஆறியிருக்க வேண்டும். நரம்பு வீக்கமோ தொழுநோய் எதிர்வினையோ ஆறு மாதமாவது தலைகாட்டாமல் இருக்க வேண்டும். சீழ்ப்புண்ணோடு கத்தி வைத்தால் புண்ணிலுள்ள பாக்டீரியா தசைநாண் உறைக்குள் புகுந்துவிடும்.

தொழுநோய்க் கிருமியை அழிக்கும் பன்மருந்துச் சிகிச்சை இப்போது ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆயினும் புதிய நோயாளிகள் இன்னும் வருகிறார்கள்.